ஓரம் அக்காவின் ஐந்து நிமிடம்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஸ்டேஷன் முழுக்க அவர் ஓரம் அக்காதான். புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரி முதல் வாரம் "மேடம்" என்று ஆரம்பிப்பார். இரண்டாம் வாரம் அவரும், "ஓரம் அக்காவை அனுப்புங்க" என்பார்.

பெயர் வந்த கதை பெரிய ரகசியமில்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாலும் கூட வருகிறவரை விலாவில் இடித்து நகர்த்துவார். "நேரா நிக்காதே, ஓரமா நில்லு." சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒரு வீட்டுக்குப் போனபோது, கதவு திறந்ததும் சூடான இஸ்திரிப் பெட்டி ஒன்று பறந்து வந்தது. கதவைத் தட்டினவருக்கென்றே எறிந்தது அது. தட்டிய சீனியருக்கு முன்பல் இரண்டு போயின. அக்கா அப்போது ஒதுங்கி நின்றிருந்தார், அதுவும் புத்திசாலித்தனத்தால் அல்ல; புது யூனிஃபார்ம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியதால் சுவரோரம் திரும்பி பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இருபது வருஷமாக எல்லோரையும் ஓரமாக நிற்க வைக்கிறார்.

திருடனைப் பிடிக்கப் போகும்போது அவருக்கு இவ்வளவு பயம் இருக்காது. திருடனுக்கு ஓடத் தெரியும். அவனுக்கு வேண்டியதெல்லாம் தப்பிக்க ஒரு சந்து. வீட்டுக்குள் பெண்டாட்டியை அடிக்கிறவன் எங்கே ஓடுவான்? அது அவன் வீடு. கத்தி எங்கே இருக்கிறது, அம்மிக்குழவி எங்கே இருக்கிறது, எந்தக் கதவு சத்தமில்லாமல் சாத்தும் என்று அவனுக்குத் தெரியும். போகிற போலீஸுக்கு ஒன்றும் தெரியாது.

அடி வாங்கியவளாவது நம் பக்கம் நிற்பாள் என்று நினைத்தால், அது அதைவிடப் பெரிய ஏமாற்றம். அக்காவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, பல் பதிந்த தழும்பு ஒன்று இருக்கிறது. கடித்தவள் குற்றவாளி அல்ல. மூக்கில் ரத்தம் ஒழுக, "காப்பாத்துங்க" என்று போன் செய்தவளே அவள்தான். புருஷன் கையில் விலங்கு மாட்டிய அந்த நொடியில் பாய்ந்து வந்து கடித்தாள். "அவரை விடுடி! நாளைக்கு நீயா வந்து சோறு போடுவ?" அக்காவுக்கு அவள் மேல் இன்றுவரை கோபமில்லை. கோபமெல்லாம் அந்த வீட்டுப் பெரிய மனிதர் ஒருவர் மேல்தான். ஊசி போட்டுக்கொண்டு நின்ற அக்காவிடமே வந்து, "அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்றார். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் ஆயுசில் ஓர் அறைகூட வாங்கியிருக்க மாட்டார். வாங்கியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

இப்படிப் பட்டுப் பட்டு அக்கா சில சட்டங்களைத் தானே போட்டுக்கொண்டார். யாரையும் சமையலறைக்குள் விடக்கூடாது. கதவு ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். ஆண் போலீஸ் முதலில் உள்ளே போகக்கூடாது. வீட்டுக்காரனுக்கு உடனே மீசை துடிக்கும். அப்புறம், உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் அக்கா வெளியே தலை காட்டாவிட்டால், வெளியே நிற்பவர் காலிங் பெல்லை அடிக்க வேண்டும்.

இந்தப் பெல் விஷயம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. எவ்வளவு ஆங்காரத்தில் குதிக்கிறவனும் பெல் அடித்தால் ஒரு நொடி நின்று கதவைப் பார்ப்பான். யார் வந்திருப்பார்கள், சட்டை போட்டிருக்கிறோமா, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று புத்தி தானாக அங்கே போகும். கதவை உடைத்தால் வெறி ஏறும், பெல் அடித்தால் இறங்கும். அந்த ஒரு நொடி போதும் அக்காவுக்கு. எத்தனையோ வீட்டில் அந்த ஒரு நொடியில் கத்தியைப் பிடுங்கியிருக்கிறார்.

வெளியே நின்று பெல் அடிக்கிறவன் ஜீப் டிரைவர் பீரோ. ஆள் வாசலில் நின்றால் வாசல் தெரியாது, அதனால் அந்தப் பெயர். ஏழு வருஷமாக அக்காவோடுதான் ஓடுகிறான். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். நாலே முக்காலில் அடிக்கவும் மாட்டான், ஐந்தே காலில் அடிக்கவும் மாட்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

வீட்டில் அக்காவின் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "ஊர்ல உள்ள சண்டைக்கெல்லாம் போய்ட்டு வந்து, நம்ம வீட்ல சண்டை போட உனக்குத் தெம்பே இல்ல. நான் குடுத்து வெச்சவன்" என்பார். கேலி பேசினாலும், அவர் ஒவ்வொரு நாளும் அக்காவின் போன் வரும்வரை சாப்பிட மாட்டார் என்பது கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குத்தான் தெரியும்.

அன்று காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி, இடது பக்கத்து வீடு. கீழ்வீட்டுக்காரர்தான் பேசினார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. இந்தத் தடவை அந்தப் பொண்ணு சத்தமே காணோம், அதான் பயமா இருக்கு."

வீடு அக்காவுக்குத் தெரிந்ததுதான். இதற்கு முன் இரண்டு தடவை போயிருக்கிறார். அவன் வயரிங் வேலை பார்ப்பவன்; அவள் மருந்துக்கடையில் இருப்பவள். முதல் தடவை அவள் கன்னம் வீங்கியிருந்தது, கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். இரண்டாம் தடவை மணிக்கட்டு. மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றாள். அக்கா காகிதத்தை நீட்டி, "ஒரே ஒரு கையெழுத்தும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் பேனாவைத் தொடவே இல்லை.

படியேறும்போது அக்கா பீரோவிடம், "இன்னைக்கு அவ எழுதிக் குடுக்கலைன்னா, அடுத்த தடவை நாம ஆம்புலன்ஸோடதான் வரணும்" என்றார்.

"எழுதுவாங்க அக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

கதவைத் தட்டினார்கள், ஓரமாக நின்று. அவனே திறந்தான். தலை வாரி, சட்டை மாற்றி, பளிச்சென்று இருந்தான். "வாங்க மேடம். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். உள்ள வாங்க, உக்காருங்க" என்றான். அக்கா உள்ளே போனபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பீரோ வெளியே நின்றான்.

அவள் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழுதடு பிளந்திருந்தது. அக்காவைப் பார்த்து அவள் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கதவைச் சாத்திக்கலாமா? எதிர் வீட்டுல எட்டிப் பாக்கறாங்க. மானம் போகுது" என்றான் அவன். குரலில் அப்படி ஒரு பணிவு. எதிர் வீட்டுக் கதவு இடுக்கில் இரண்டு கண்கள் இருந்தது உண்மைதான். சரி என்றார் அக்கா. கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொண்டது.

"தப்பு என் மேலதான் மேடம். கோவத்துல கை நீட்டிட்டேன். நான் எழுதிக் குடுத்துடறேன். நாக்கு வறண்டு போச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

தானே எழுதித் தருகிறேன் என்று ஒருவன் சொல்லி அக்கா இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டார். கத்துகிறவனிடம் யாரும் ஏமாறுவதில்லை. மரியாதையாகப் பேசுகிறவனிடம்தான் ஏமாறுகிறோம். அவன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது விழுந்துகொண்டே இருந்தது.

ஒருவன் எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பான் என்று தோன்றி அக்கா எழுந்தபோது கதவு திறந்தது. கேஸ் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை அவன் முன்னமே கழற்றி வைத்திருக்கிறான்; உள்ளே போனதும் சிலிண்டரைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தம் அந்தச் சீறலை மறைக்கத்தான். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவன் கையில் சிகரெட் லைட்டர் இருந்தது.

"இப்ப எழுதச் சொல்லுங்க பாக்கலாம்" என்றான். பணிவெல்லாம் போன இடம் தெரியவில்லை. "மூணாவது தடவை வர்றீங்க. என் வீட்டுக்கு, என்னை விசாரிக்க. யாரும் அசையக்கூடாது. அசைஞ்சா மூணு பேரும் போயிடுவோம். எனக்குச் சாவைப் பத்திக் கவலையே இல்ல."

அக்காவுக்கு ஈரக்குலை நடுங்கியது. இதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. சாத்தக்கூடாத கதவைச் சாத்தவிட்டு, விடக்கூடாத இடத்துக்கு விட்டு, இரண்டு சட்டத்தையும் இரண்டே நிமிடத்தில் தானே மீறிவிட்ட கோபம் வேறு. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நேரம் கடத்த வேண்டும் என்பதுதான் பழக்கம். நேரம் கடந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் கை தளரும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

பதினொன்று பதினாலு.

கடிகாரத்துக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே, வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. காலிங் பெல். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் பீரோ பெல் அடிப்பான். ஒரு நிமிடம் என்றால் சரியாக ஒரு நிமிடம். கேஸ் நிறைந்த வீட்டில் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தன் புத்தியில் தானே பெருமைப்பட்ட அந்தப் பெல், தன்னையே கொண்டுபோகப் போகிறது.

கத்திச் சொல்லலாம். திடீரென்று கத்தினால் அவன் கை லைட்டரைத் தட்டிவிடும். கதவுக்கு ஓடலாம். அதற்கும் அதே கதிதான். ஏதாவது பொய் சொல்லி அவனை அசைய வைக்கலாம் என்று பார்த்தால், இருபத்திரண்டு வருஷமாகப் பொய் கேட்டுக் கேட்டுப் பழகிய தலையில் ஒரு பொய்கூட அப்போது வரவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னார்.

"தம்பி, நீ லைட்டரைப் பத்த வெக்கவே வேணாம். வெளிய என் ஆள் நிக்கறான். அஞ்சு நிமிஷம் ஆனா பெல் அடின்னு நான்தான் சொல்லி வெச்சேன். பதினொண்ணு பதினஞ்சுக்கு அடிப்பான். இன்னும் அரை நிமிஷம்கூட இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். "எந்தப் பெல்?"

"உன் வீட்டுப் பெல்தான்."

மேஜையோரத்தில் உட்கார்ந்திருந்தவள் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது பிளந்த உதட்டோடு, கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அதே குரலில் சொன்னாள்: "அந்தப் பெல்லுல பொறி பறக்குது அக்கா. ரெண்டு மாசமா சரி பண்ணுங்கன்னு சொல்றேன். ஊருக்கெல்லாம் வயரிங் பண்றாரு, இதுக்கு நேரமில்ல."

அவன் முகம் வெளுத்ததை அக்கா பார்த்தார். வயர் தெரிந்தவன் அல்லவா? அந்தப் பெட்டிக்குள் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எங்கே நீலமாகப் பொறி தாவும் என்று அவனைத் தவிர யாருக்குத் தெரியும்! அவன் பெல்லைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த நொடி லைட்டரைப் பிடித்த கையோடு கதவை நோக்கி ஓடினான்.

"அடிக்காதீங்க! ஐயா, பெல்லைத் தொடாதீங்க! அடிக்காதீங்கய்யா!"

தொண்டை கிழியக் கத்தினான். நாற்காலியில் முட்டி இடித்து, பூட்டைத் திறக்கத் தெரியாமல், தன் வீட்டுப் பூட்டையே திறக்கத் தெரியாமல் தடவினான். அக்கா அதற்குள் சமையலறைக்குள் பாய்ந்து சிலிண்டர் வால்வைத் திருகி மூடினார். சீறல் நின்றது. ஜன்னலைத் தள்ளினார், அது இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இடித்துத் திறந்தார். வெளிக்காற்று உள்ளே வந்தது. ஹாலுக்கு ஓடி வந்து அங்கிருந்த ஜன்னலையும் திறந்துவிட்டு, அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

இதற்குள் கதவு திறந்திருந்தது. பீரோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் மார்பில் போய் விழுந்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி விம்மினான் சாவைப் பற்றிக் கவலையே இல்லாதவன். பீரோவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனாலும் ஏழு வருஷப் பழக்கம், லைட்டரை முதலில் பிடுங்கிவிட்டான்.

"கேஸ்! எல்லாரையும் கீழ இறக்கு!" என்றார் அக்கா.

பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்கத் தெருவில் நின்றது. எதிர் வீட்டு இரண்டு கண்களுக்கும் இப்போது உடம்பு இருந்தது, கையில் துண்டோடு நின்றது. தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் மேலே போய்விட்டு இறங்கி வந்து, பயமில்லை என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஜீப்பின் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவன் கையில் பீரோ விலங்கு மாட்டும்போது, அக்காவை அறியாமலே இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாயவில்லை, கத்தவில்லை. அவனை இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

பீரோ வந்து பக்கத்தில் நின்றான். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். "அக்கா, இது பெல் மேல இருந்துச்சு. வாட்ச்ல முள்ளு இன்னும் நாலு செகண்டுதான். அமுத்தப் போறேன், உள்ள இருந்து கத்தறான்."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுடா" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பீரோவும் சிரித்தான். இருவரும் அந்த விரலைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே சிரிப்பு வரும்.

அக்கா கணவருக்குப் போன் செய்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க" என்றார். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் கேட்டார். "வந்து சொல்றேன். வந்து சண்டை போடறேன், தெம்பு இருக்கு இன்னைக்கு" என்று வைத்துவிட்டார்.

பிறகு காகிதம் செருகிய அட்டையை எடுத்தார். தேதி எழுதப் போனால் பேனா நடுங்கியது. எழுத்து எழுத்தாகவே வரவில்லை. இப்போது கேட்பது நியாயமா, அவள் கொஞ்சம் மூச்சு விடட்டுமே என்றும் இருந்தது. இப்போது விட்டால் நாளைக்கு மாமியார், மாமனார், அண்ணன், தம்பி எல்லோரும் வந்து அவள் வாயை அடைத்துவிடுவார்கள் என்றும் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷமா அக்கா" என்றாள். "போலீஸுக்குப் போனா செத்துடுவேன், உன்னையும் கூட்டிட்டுத்தான் சாவேன்னு சொல்லுவாரு. சாகத் துணிஞ்ச மனுஷன்கிட்ட என்ன பண்ண முடியும்? அதுக்குத்தான் வாயைத் திறக்கல. அடிக்குப் பயந்து இல்ல."

அக்கா அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஓடினாரே, பாத்தீங்களா? என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. சாகறதுக்கு அவருக்கு அவ்வளவு பயம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அக்கா தன் கையை அவள் முதுகில் வைத்தார். அது இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் முதுகு நடுங்கவில்லை.

"குடுங்க" என்று அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டுப் படித்துப் பழகியவள். எழுத்து சின்னதாக, தெளிவாக இருந்தது. முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள். கன்னம் எந்த மாதம், மணிக்கட்டு எந்த மாதம், அதற்கு முன்னால் அக்காவுக்கே தெரியாதவை எந்தெந்த மாதம் என்று வரிசையாக எழுதினாள். தெருவில் கூட்டம் கலைந்து ஒவ்வொருவராக மேலே ஏறிப்போனார்கள். பீரோ யாரும் பக்கத்தில் வராதபடி வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் நிறைந்தபோது அவள் நிமிர்ந்தாள்.

"இன்னொரு தாள் இருக்கா அக்கா?"